எலும்பும் தோலுமாக ஒரு குர்பான்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நோன்பு தொடங்குவதற்கு முதல் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். பெருநாளுக்கு முதல் நாள் சொன்னால் பிரயோசனமில்லை. சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. முதலில் என் பிழையைத்தான் சொல்லப்போகிறேன்.

போன வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கூட்டுக் குர்பானுக்கு மாடு பார்க்கப் போன மூன்று பேரில் நானும் ஒருவன். தரகர் கொண்டுவந்து கட்டியிருந்த மாட்டைப் பார்த்தோம். இடுப்பெலும்பு இரண்டும் முளை அடித்த மாதிரித் தள்ளிக்கொண்டு நின்றன. விலாவை எண்ணலாம். விலை மட்டும் மலிவு. "ஏழு பங்குக்குப் பிரித்தால் ஆளுக்குக் கொஞ்சக் காசுதான் வரும் சேர், பாருங்கோ" என்றார். பார்த்தேன். மாட்டையல்ல, காசைப் பார்த்தேன். "சரி" என்று தலையாட்டினேன்.

பெருநாளன்று மத்தியானம் பங்குப் பைகளை வீடு வீடாகக் கொண்டுபோனோம். தனியாக இருக்கிற ஒரு வயசான உம்மாவின் வீட்டில் பையை நீட்டினேன். அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, வெளியிலிருந்து தடவிப் பார்த்து, "நல்லம் மகன், எலும்பு ரசம் ரெண்டு நாளைக்கு வைக்கலாம்" என்றார். குறை சொல்லவில்லை. துஆதான் செய்தார். அதற்குப் பிறகு அந்தப் பெருநாள் எனக்கு இறங்கவில்லை.

நான் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும் படிப்பிக்கிறவன். ஒரு மாட்டில் எலும்பு எப்போது வளரும், சதை எப்போது வளரும், கொழுப்பு எப்போது பிடிக்கும் என்று கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவன். அந்தப் பாடத்தை மாட்டுக்கு முன்னால் நின்றபோது மறந்துவிட்டேன். அதைத்தான் இங்கே திரும்பப் படிக்கப்போகிறேன். நீங்களும் கூட இருந்து கேளுங்கள்.

*

மாடு வளர்வதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் எலும்பு. பிறகு சதை. கடைசியில் கொழுப்பு. கொழுப்பிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றிப் பிடிக்கும். பிறகு சதைக்கும் சதைக்கும் நடுவில். பிறகு தோலுக்குக் கீழே. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் சதைக்குள்ளேயே மெல்லிய நரம்பு மாதிரி ஓடும். கறிக்கு ருசியும் மெதுமையும் கொடுப்பதில் அந்தக் கடைசிக் கொழுப்புக்கும் பங்குண்டு.

மாடு பட்டினி கிடந்தால் தன்னையே தின்று உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கொழுப்பு கரையும், பிறகு சதை கரையும். எலும்பு அப்படியே இருக்கும். ஆகவே மெலிந்த மாட்டை வாங்குகிறவன் மலிவாக வாங்குவது இறைச்சியை அல்ல, எலும்பையும் தோலையும் குடலில் கிடக்கிற புல்லையும் தண்ணீரையும்தான்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உயிரோடு 160 கிலோ நிற்கிற ஒரு மெலிந்த ஊர்மாடு. அறுத்து, தலை, கால், தோல், குடல் எல்லாம் கழித்துத் தொங்கவிட்டால் நூற்றுக்கு 42 தேறும் என்று வைப்போம். 67 கிலோ. அதில் எலும்பு 17 கிலோ போனால் மிச்சம் 50. ஏழு பங்காக்கினால் பங்குக்கு 7 கிலோ.

அதே மாட்டை அறுக்காமல் 100 நாள் கட்டி ஒழுங்காகத் தீனி போடுங்கள். ஊர்மாடு பெரிய சீமை மாடு மாதிரி ஏறாது. நாளுக்கு 350 கிராம் ஏறினால் போதும். 100 நாளில் 35 கிலோ. மாடு 195 கிலோ. இப்போது தேறுவது நூற்றுக்கு 42 அல்ல, 46 என்று வைப்போம். சதை பிடித்த மாட்டில் இந்த வீதமும் கூடும். தொங்குகிற உடம்பு 90 கிலோ. எலும்பு ஒரு கிலோ கூடியிருக்கும், 18 என்று வையுங்கள். மிச்சம் 72. பங்குக்கு 10 கிலோவுக்கு மேல்.

மாட்டின் எடை ஏறியது ஐந்தில் ஒரு பங்குதான். இறைச்சி ஏறியதோ ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல். அறுக்கிற கூலி அதே கூலி. போகிற உயிரும் ஒரு உயிர்தான். அந்த உம்மாவின் பையில் மட்டும் எலும்புக்குப் பதிலாகச் சதை இருந்திருக்கும்.

இறைச்சியின் தரத்தையும் பாருங்கள். மேலே மெல்லிய கொழுப்புப் போர்வை உள்ள இறைச்சி காற்றில் சீக்கிரம் காயாது, கறுக்காது. மெலிந்த மாட்டின் இறைச்சி வெட்டி வைத்த கொஞ்ச நேரத்திலேயே வறண்டு போகும். சட்டியில் போட்டால் சுருங்கி நார் நாராக நிற்கும்.

அதோடு, சதைக்குள் சேமிப்பாக ஒரு மாச்சத்து இருக்கிறது, கிளைக்கோஜன். அறுத்த பிறகு அது அமிலமாக மாறித்தான் இறைச்சி நல்ல சிவப்பு நிறத்துக்கு வரும், கெடாமல் கொஞ்சம் தாங்கும். பட்டினி கிடந்த மாட்டில், லொறியில் அடைத்து இரவிரவாகக் கொண்டுவந்து தண்ணீர் காட்டாமல் கட்டி வைத்த மாட்டில், அந்தச் சேமிப்பு முடிந்துவிடும். இறைச்சி கறுத்து, கையில் ஒட்டும், சீக்கிரம் பழுதாகும். "மாடு கிழடு, அதுதான் கறுப்பு" என்று கடையில் சொல்வார்கள். பல தடவை வயதல்ல காரணம், நாம் அதைப் படுத்திய பாடு.

*

இனி எனக்கு வரப்போகிற பதில்களுக்கு வருகிறேன். எல்லாம் பள்ளி வாசலில் கேட்டவைதான்.

"அல்லாஹ்வுக்கு இறைச்சி போய்ச் சேர்வதில்லை, தக்வாதான் போய்ச் சேரும். நீங்கள் என்ன சேர் கிலோக் கணக்குப் பார்க்கிறீர்கள்?"

உண்மை. தக்வாதான் சேரும். ஆனால் தக்வா என்று சொல்லிக்கொண்டு இருக்கிறதில் மலிவானதை, நாமே காசு கொடுத்துக் கடையில் வாங்க மாட்டாத இறைச்சியை, அவனுடைய பெயரில் அறுக்கலாமா? ஆதம் நபியின் இரண்டு மக்களில் எவருடைய குர்பான் ஏற்கப்பட்டது, அவர் தன் மந்தையில் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று சின்ன வயதில் மத்ரஸாவில் கேட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இப்றாஹீம் நபி முன்பின் தெரியாத விருந்தாளிக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தது கொழுத்த கன்று. யூஸுப் நபி விளக்கம் சொன்ன கனவில் மெலிந்த ஏழு மாடுகள் பஞ்சத்தின் அடையாளம். பஞ்சத்தின் அடையாளத்தையா நாம் பெருநாளுக்குத் தேடிப்பிடித்து வாங்குவது?

குர்பானுக்குக் கூடாத நான்கு வகைப் பிராணிகளை ஹதீஸ் சொல்கிறது. கண் குருடு தெளிவாகத் தெரிவது, நோய் தெளிவாகத் தெரிவது, நொண்டி தெளிவாகத் தெரிவது. நான்காவது, எலும்பில் மச்சை இல்லாத அளவுக்கு மெலிந்தது. முதல் மூன்றையும் நாம் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறோம். காது கிழிந்திருக்கிறதா, கொம்பு உடைந்திருக்கிறதா என்று கூடப் பார்க்கிறோம். நான்காவதை மட்டும் விலைப் பேரத்தில் விட்டுவிடுகிறோம். மதீனாவில் குர்பான் பிராணிகளைக் கொழுக்க வைத்த செய்தி புகாரியில் இருக்கிறது. மெலிந்த இரண்டு ஆட்டைவிடக் கொழுத்த ஒன்று மேல் என்று நமது மத்ஹபின் இமாம்களே எழுதியிருக்கிறார்கள். மார்க்கத் தீர்ப்பு சொல்கிற இடத்தில் நான் இல்லை. மௌலவிமாரிடம் கேளுங்கள். ஆனால் மாட்டைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள், வாயால் வர்ணித்துக் கேட்காதீர்கள்.

"கொழுப்பு நல்லதில்லை சேர். ஊரெல்லாம் சீனியும் கொலஸ்ட்ரோலும். மெலிந்த மாட்டிறைச்சிதான் உடம்புக்கு நல்லம்."

மெலிந்த இறைச்சி வேறு, மெலிந்த மாடு வேறு. நன்றாகச் சதை பிடித்த மாட்டின் தொடையில் கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டுச் சமைக்கலாம். எலும்பு மாட்டில் சதையை எங்கிருந்து வெட்டி ஒட்டுவது? நமது ஊர்மாடு வைக்கலும் தவிடும் தின்று 100 நாளில் கொழுப்புக் கட்டியாக மாறாது, பயப்படத் தேவையில்லை. கொழுப்பு மஞ்சளாக இருந்தால் மஞ்சட்காமாலை பிடித்த மாடு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். பச்சைப் புல் தின்ற மாட்டின் கொழுப்பு மஞ்சளாகத்தான் இருக்கும். புல்லில் உள்ள கரோட்டின் அது. உண்மையிலேயே நோயா இல்லையா என்பதை மிருக வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும்.

"அப்படியென்றால் தெற்கிலிருந்து ஒரு பெரிய மாடு எடுப்போம். போன முறை ஒரு ஊரில் எடுத்தார்களே, யானை மாதிரி!"

இதுவும் எனக்குப் பிடிக்காத பேச்சு. ஒரு அளவுக்கு மேல் போனால் மாடு சதை போடுவதை நிறுத்திக் கொழுப்பு மட்டும் போடும். சதையில் முக்கால்வாசி தண்ணீர், கொழுப்பில் தண்ணீர் மிகக் குறைவு. அதனால் ஒரு கிலோ கொழுப்பு ஏற்ற, ஒரு கிலோ சதைக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு தீனி வேண்டும். அவ்வளவு காசைக் கொட்டி வளர்த்த கொழுப்பு கடைசியில் குடலோடு சேர்த்து நாய்க்குப் போகும். யானை மாதிரி மாட்டோடு நின்று படம் எடுத்துப் போடுவது குர்பான் அல்ல, விளம்பரம். மெலிந்ததும் வீண், மிதமிஞ்சியதும் வீண். நடுவில் நிற்கிற மாடுதான் நமக்கு வேண்டியது.

"இளம் நாம்பன் எடுப்போம், பஞ்சு மாதிரி இருக்கும்."

மெதுமை என்பது உண்மை. வயது ஏற ஏறச் சதைக்குள் இருக்கிற இணைப்பு நார் இறுகும், அதனால்தான் உழுது களைத்த கிழட்டு மாட்டை அரை நாள் அவிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் இரண்டு வயது முடியாத மாடு குர்பானுக்கே ஆகாது. கடைக்கு அறுப்பதிலும், எலும்பு வளர்ந்து முடித்து இனித்தான் சதை பிடிக்கப்போகிற வயதில் அதை அறுப்பது, பால் பிடிக்கிற பருவத்தில் வயலை அறுப்பது மாதிரி. இரண்டரை, மூன்று வயது நாம்பன் போதும். நலமடித்தது என்றால் இன்னும் நல்லம், நலமடிக்காத காளையைவிட அதற்குச் சீக்கிரம் கொழுப்புப் பிடிக்கும். நலமடித்தது குர்பானுக்குக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். கூடும். மௌலவியிடம் கேட்டுப் பாருங்கள்.

*

இப்போது இந்தப் பதிவின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மாடு ஏன் மெலிந்து வருகிறது?

தர்மபுரத்தில் எனக்குப் பக்கத்து வளவில் இருக்கிற ஒரு அண்ணை பத்துப் பன்னிரண்டு மாடு வைத்திருக்கிறார். அவரிடம் என் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டுச் சொன்னார்: "சேர், நாங்கள் விக்கிறது தலைக்கு. நீங்கள் கடையிலை வாங்கிறது கிலோவுக்கு. நடுவிலை நிக்கிற ஆள்தான் கொழுக்கிறார், மாடு எப்பிடிக் கொழுக்கும்?"

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. மாட்டுக்காரர் ஏன் தவிடு வாங்கிப் போட வேண்டும்? 30 கிலோ ஏற்றி வைத்தாலும் தரகர் கண்ணால் பார்த்து அதே விலைதான் சொல்வார். கோடையில் புல் கருகிக் குளம் வற்றும்போது, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு வரும்போது, அவசரத்துக்கு விற்பார்கள். மாடு மிக மெலிந்து நிற்கிற நேரத்தில்தான் மிக அதிகமாகக் கைமாறுகிறது. போரில் எல்லாம் இழந்து, வாழ்வாதார உதவியாகக் கிடைத்த ஒரு பசுவில் தொடங்கி, அதன் நாம்பன் கன்றை விற்றுக் குடும்பம் நடத்துகிற பெண்கள் இந்தப் பக்கத்தில் எத்தனை பேர்! அவர்களுடைய நட்டம்தான் நமது மலிவு விலை.

இதோடு களவு மாடும் இருக்கிறது. இரவில் பட்டியில் அவிழ்த்து, பற்றைக்குள் வைத்து அறுத்து, விடியும்போது பையில் விற்கிற இறைச்சி. எடை கேட்காத, எங்கிருந்து வந்தது என்று கேட்காத, "மலிவா?" என்று மட்டும் கேட்கிற வாடிக்கையாளன் இருக்கிறவரை அது நிற்காது. களவெடுக்கிறவன் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் காலையில் பட்டி வெறுமையாகக் கிடக்கும்போது தமிழ்ச் சனம் யாரை நினைக்கும் என்று நமக்குத் தெரியும். சினை மாட்டின் கன்றை வெளியில் வீசிவிட்டுப் போன இடத்தைப் பார்த்த மனிதரிடம் போய் ஹலால் பற்றி என்ன கதைக்க முடியும்?

2020 செப்டெம்பரில் நாட்டில் மாடறுப்பைத் தடை செய்ய அமைச்சரவை தீர்மானித்தபோது நாமெல்லாம் கொதித்தோம். நானும் எழுதினேன். உரிமை என்று கதைப்பது சரி. ஆனால் பசுக் கன்றையும் பயன்தருகிற பசுவையும் காக்கிற விதிகள் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அதையே நம்மில் எத்தனை பேர் மதிக்கிறோம்? நாம் ஒழுங்காக இருந்திருந்தால் அந்தத் தீர்மானத்துக்குக் கைதட்டியவர்களில் பாதிப் பேர் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

என் வாப்பாவுக்கு முல்லைத்தீவுப் பக்கத்தில் பட்டி இருந்தது. 1990 ஒக்டோபரில் என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வெளியேறியபோது அத்தனை மாட்டையும் அவிழ்த்துவிட்டுத்தான் வந்தார்கள். புத்தளத்து முகாமில் கிடுகுக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு வாப்பா கதைத்ததெல்லாம் மாட்டைப் பற்றித்தான். மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்ப்பதற்கு முதல் அதன் முதுகில் கை வைப்பார். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், முதுகிலிருந்து பக்கவாட்டில் நீட்டுகிற எலும்பு முனைகளைத் தடவுவார். "கத்தி மாதிரிக் குத்தினா விடு. அமத்தினாத் தெரிஞ்சாப் போதும். அமத்தியும் தெரியாட்டி கொழுப்புக்குக் காசு குடுக்கிறாய்." பிறகு கலாசாலையில் மாட்டின் உடல் நிலைக்கு ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போடப் படிப்பித்தார்கள். அதே இடத்தில் கை வைத்துத்தான். நமக்கு வேண்டியது மூன்று.

*

திட்டுவதோடு நிறுத்தாமல், செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

இந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் மே மாதக் கடைசியில். இன்றிலிருந்து ஏறக்குறைய 100 நாள். 2017இல் அது செப்டெம்பர் தொடக்கத்தில், உச்சக் கோடையில் வந்தது. வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் வருகிறது. 2030இல் ஏப்ரல் நடுப்பகுதிக்கு வந்துவிடும். அதாவது இனிவரும் வருடங்களில் காலபோக அறுவடைக்குப் பிறகு, வைக்கல் மலிந்து கிடக்கிற காலத்துக்கும் பெருநாளுக்கும் நடுவில் சரியாக ஒரு மாட்டைத் தேற்றி எடுக்க நாள் இருக்கிறது. இப்போது வயலில் நெருப்பு வைக்கிற வைக்கல்தான் அந்தத் தீனி.

1. குர்பான் கூட்டு இப்போதே சேரட்டும். நோன்புக்குள்ளேயே மாட்டுக்காரரிடம் நேரே போய்ப் பேசுவோம். முற்பணம் கொடுப்போம். தீனிச் செலவுக்குத் தனியாகக் கொடுப்போம். மாடு அவருடைய பட்டியிலேயே நிற்கட்டும்.

2. விலை தலைக்கு அல்ல, எடைக்கு. தராசு இல்லையென்றால் தையற்கார நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி சென்ரிமீற்றரில் அளவுங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம் அளவுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,800ஆல் பிரித்தால் ஏறக்குறைய உயிர் எடை கிலோவில் வரும். சுற்றளவு 130, நீளம் 115 என்றால் 180 கிலோ. என் வகுப்புப் பிள்ளைகளே செய்வார்கள். இன்றைக்கு ஒருமுறை, பெருநாளுக்கு முதல் ஒருமுறை. ஏறிய ஒவ்வொரு கிலோவுக்கும் மாட்டுக்காரருக்குக் காசு.

3. தீனி: 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் போகாமல் மூடிப் பத்து நாளுக்குக் குறையாமல் வையுங்கள். எடுத்து ஆறவிட்டுக் கொடுங்கள். கன்றுகளுக்குக் கொடுக்க வேண்டாம். கரைத்த தண்ணீரை எந்த மாடும் குடிக்க விடாதீர்கள், நஞ்சு. தொடங்க முதல் மிருக வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பூச்சி மருந்தும் அப்போதே கொடுக்கலாம். அதோடு அரிசித் தவிடு, கொஞ்சம் புண்ணாக்கு, வேலியில் நிற்கிற கிளிரிசிடியாக் குழை.

4. முதல் நாளே மாட்டைக் கொண்டுவந்து நிழலில் கட்டுவோம். தண்ணீர் காட்டுவோம். அடிக்காமல், விரட்டாமல். கத்தியைத் தீட்டச் சொன்ன மார்க்கம் அந்த மிருகத்துக்கு நிம்மதி கொடுக்கவும் சொல்லியிருக்கிறது.

5. உரிமைச் சீட்டும் மிருக வைத்தியரின் சான்றும் இல்லாத மாட்டைத் தொடக்கூடாது. கடையிலும் இதைக் கேளுங்கள். கேட்பது வெட்கமில்லை.

6. பங்கு பிரிக்கும்போது சதையையும் எலும்பையும் தனித்தனியாக நிறுத்து எல்லாப் பைக்கும் சமமாகப் போடுவோம். ஏழை வீட்டுப் பையில் எலும்பு கூடக்கூடாது.

செலவு கூடும், மறைக்கவில்லை. ஏழு பேரால் முடியாவிட்டால், முடிந்தவர்கள் செய்யட்டும். வசதி இல்லாதவர் கடன்பட்டுக் குர்பான் கொடுக்கத் தேவையில்லை. ஊர் பார்க்கிறது என்பதற்காக மூன்று எலும்பு மாடு அறுப்பதைவிட இரண்டு நல்ல மாடு அறுப்பது மேல்.

பக்கத்து வளவு அண்ணையிடம் நேற்றுப் பேசிவிட்டேன். மூன்று வயது நாம்பன் ஒன்று. நாடா வைத்து அளந்தோம், 158 கிலோ வந்தது. முதுகில் கை வைத்துப் பார்த்தேன், குத்துகிறது. 100 நாள் இருக்கிறது. இரண்டு பங்குக்கு ஆள் சேர்ந்துவிட்டது, ஐந்து மிச்சம். சேர விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். திட்ட விரும்புகிறவர்கள் கீழேயே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

இன்ஷா அல்லாஹ், இந்த வருடம் அந்த உம்மாவின் வீட்டுக்கு நான்தான் பை கொண்டுபோவேன்.